10 மில்லியில் சிதறிக் கிடக்கும் செல்களைத் திரட்ட மைக்ரோஃப்ளூயிடிக் சிப் உதவுமா?

கேள்வி இதுதான்: ஒவ்வொரு தடவையும் சுமார் 10 மில்லி சிறுநீர் சாம்பிள் வருகிறது. அதில் செல்கள் மிகக் குறைவு. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் பாதிக்கு மேல் காணாமல் போகின்றன. மைக்ரோஃப்ளூயிடிக் சிப், அதாவது தலைமுடி அளவு வாய்க்கால்கள் ஓடும் சிறு தட்டு, வாங்கினால் இந்தச் சிக்கல் தீருமா, தீரும் என்றால் எந்த வகைச் சிப்?

உங்கள் செல்கள் 10 மைக்ரானோ அதற்கு மேலோ இருந்தால் தீரும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனால் சிப்புக்குள் தொலைகிற செல்கள் கொஞ்சம்தான். அதற்கு முன்னால் இருக்கிற சிரிஞ்சிலும், பின்னால் இருக்கிற குழாயிலும், கடைசியில் பிடிக்கிற டியூபிலும்தான் அதிகம் தொலைகின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் சிப் வாங்கினால் செலவுதான் மிஞ்சும். ஆகவே சிப்பைப் பற்றியும் சொல்கிறேன், அதைச் சுற்றி இருப்பதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், ஏன் திரட்ட வேண்டும்? கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெருக்கிக் கணக்கிட்டால் போதாதா? செல்கள் அரிதாக இருக்கும்போது போதாது. ஓர் உதாரணம். பரவிய மார்பகப் புற்றுநோயில் ரத்தத்தில் அலையும் புற்றுச் செல்களை எண்ணுவதற்கு, 2004இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த செல்சர்ச் முறை 7.5 மில்லி ரத்தத்தில் 5 செல்கள் என்பதை எல்லையாக வைத்திருக்கிறது. அந்த 7.5 மில்லியிலிருந்து 1 மில்லியை மட்டும் எடுத்துப் பார்த்தால் சராசரியாக 0.67 செல்தான் வரும். ஏறக்குறைய இரண்டுக்கு ஒரு தடவை ஒரு செல்கூட வராது. செல்கள் இருந்தும் 'இல்லை' என்று எழுதிவிடுவோம்.

உங்கள் சிறுநீர் சாம்பிளுக்கும் இதே கணக்குதான். மில்லிக்கு 1000 செல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் எண்ணப் பயன்படும் கட்டமிட்ட கண்ணாடியான நியூபாயர் சேம்பரில் ஒரு மூலைச் சதுரம் பிடிப்பது 0.1 மைக்ரோ லிட்டர். நான்கு மூலைகளையும் எண்ணினாலும் சராசரி 0.4 செல்தான். அதே சாம்பிளை 50 மடங்கு செறிவாக்கினால் நான்கு சதுரங்களில் 20 செல் கிடைக்கும். அப்போதும் எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட 22 சதவீதம் இருக்கும். ஆனாலும் அது ஓர் அளவீடு. முன்னது வெறும் ஊகம்.

சென்ட்ரிஃபியூஜ் ஏன் ஏமாற்றுகிறது? அந்தக் கருவி நல்ல கருவி. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் 10 அல்லது 12 மில்லியை 400 ஜியில் (புவியீர்ப்பைப்போல 400 மடங்கு விசையில்) 5 நிமிடம் சுற்றி, அடியில் அரை மில்லி முதல் 1 மில்லி வரை வைத்துக்கொண்டு மேலே உள்ளதைக் கொட்டுவார்கள். லட்சக்கணக்கில் செல் இருந்தால் அடியில் வெள்ளையாகச் செல் படிவு, அதாவது பெல்லட், தெரியும், கை தானாகவே கவனமாகிவிடும். சில ஆயிரம் செல் மட்டும் இருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பைப்பெட் முனை எங்கே போகிறது என்று தெரியாமல் உறிஞ்சுவோம். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். டியூபைச் சாய்வாகப் பிடித்துச் சுற்றும் ரோட்டராக இருந்தால் இன்னும் மோசம், செல்கள் அடியில் சேராமல் டியூப் சுவரில் நீளமாகப் பூசிக்கொள்ளும். போதாததற்கு, அழுத்தப்பட்ட செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிப்பதற்காக மறுபடி மறுபடி பைப்பெட்டில் இழுத்துவிடும்போது சில கிழிந்தும் போகும்.

சிப்பில் செல்களை அழுத்திப் பிடிக்கும் பெல்லட் கட்டமே இல்லை. செல்களை ஓட்டத்திலேயே ஓரிடத்தில் ஒழுங்குபடுத்தி, செல் இல்லாத தெளிந்த திரவத்தை மட்டும் பக்கத்து வாய்க்கால் வழியாக வடித்துவிடுகிறோம். உங்கள் தேவைக்குப் பொருத்தமானது நிலைம விசையைப் பயன்படுத்தும் வகை. ஆங்கிலப் பெயரை அப்படியே சொன்னால் இனர்ஷியல் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ்.

இதன் வேர் 1961இல் இருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செக்ரேயும் சில்பர்பெர்கும் குழாயில் ஓடும் திரவத்தில் சிறு மணிகளை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். நுழையும்போது குழாய் முழுக்கப் பரவியிருந்த மணிகள், போகப்போக மையத்தை விட்டும் விலகி, சுவரை விட்டும் விலகி, ஆரத்தில் சுமார் 0.6 பங்கு தூரத்தில் ஒரு வளையமாக வரிசை கட்டின. யாரும் அவற்றைத் தள்ளவில்லை. குழாயின் நடுவில் ஓட்டம் வேகம், ஓரத்தில் மெதுவு. அந்த வேக வித்தியாசம் மணியைச் சுவர்ப் பக்கம் தள்ளுகிறது. சுவருக்கு மிக அருகில் போனால் சுவர் அதைத் திருப்பித் தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் மணி நின்றுவிடுகிறது. 2007இல் டி கார்லோவும் டோனரும் அவர்கள் குழுவினரும் பாஸ்டனில் இதே விளைவைத் தலைமுடி அளவு வாய்க்காலில் செல்களுக்குச் செய்து காட்டினார்கள். இந்தத் துறை பெருகியது அதற்குப் பிறகுதான்.

வாய்க்காலை வளைத்துச் சுருளாக்கினால் இன்னொரு உதவி கிடைக்கும். வளைவில் ஓடும் திரவம் குறுக்கே இரட்டைச் சுழலாகப் புரளும். இதை டீன் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1927இலேயே விளக்கிவிட்டார். இந்தப் புரட்டல் செல்களை ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதால், கடைசியில் இரண்டு வாசல் வைத்தால் போதும். ஒன்றில் செல், மற்றதில் தெளிந்த நீர். சிங்கப்பூரிலும் எம்ஐடியிலும் இருந்த குழுக்கள் சாய்ந்த தரையுடைய சுருள் வாய்க்காலில், சிவப்பணுக்களை உடைத்த 7.5 மில்லி ரத்தத்தை 8 நிமிடத்தில் ஓட்டிக் காட்டின. அதற்குமுன் அதே வேலைக்கு மணிக்கணக்கில் காத்திருந்தோம். அந்த வேகம்தான் இந்த வகையின் பெரிய பலம். மற்ற முறைகளில் வேகமாக ஓட்டினால் கெடும். இதில் வேகமாக ஓட்டினால்தான் வேலையே நடக்கும்.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். 50 மைக்ரான் அகலம், 100 மைக்ரான் உயரம் உள்ள நேர் வாய்க்காலில் நிமிடத்துக்கு 100 மைக்ரோ லிட்டர் ஓட்டினால், திரவம் நொடிக்குச் சுமார் 33 சென்டிமீட்டர் வேகத்தில் போகும். 10 மைக்ரான் செல் வரிசைக்கு வர ஓரிரு சென்டிமீட்டர் நீளம் போதும், அதாவது அது வாய்க்காலில் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. ஒரு விதியை மனதில் வையுங்கள்: செல்லின் விட்டம், வாய்க்காலின் அளவில் 0.07 பங்குக்காவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வரிசை கட்டாது.

எத்தனை மடங்கு செறிவாக்கலாம்? ஒரே கட்டத்தில் பெரிய மடங்கு எதிர்பார்க்காதீர்கள். செல் வரிசையை ஒட்டிய திரவத்தையும் சேர்த்துத்தான் எடுக்க முடியும். அதனால் சிறிது சிறிதாகப் பல இடங்களில் வடிக்கும் படிக்கட்டு அமைப்பு வந்தது. 2015இல் டோனரின் குழு இரண்டு சிப்களை அடுத்தடுத்து இணைத்து, நிமிடத்துக்கு 4 மில்லி வேகத்தில் 411 மடங்கு செறிவைக் காட்டியது. வழக்கமாக 95 சதவீதத்துக்கு மேல் செல்கள் திரும்பி வந்தன. இந்த எண்ணை முதலில் படித்தபோது எனக்குப் பெரிய உற்சாகம். ஆனால் உங்கள் சாம்பிளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 10 மில்லியை 411 மடங்கு குறைத்தால் வருவது 24 மைக்ரோ லிட்டர். உள்விட்டம் அரை மில்லிமீட்டர் உள்ள 30 சென்டிமீட்டர் குழாய் மட்டும் 59 மைக்ரோ லிட்டர் பிடிக்கும்! நீங்கள் பாடுபட்டுத் திரட்டிய முழுச் சாம்பிளும் வெளியே வரும் குழாயிலேயே நின்றுவிடும்.

நான் கெட்டதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதன்முதலாக இந்த வேலையைத் தொடங்கியபோது, எண்ணிப் போட்ட செல்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பி வரவில்லை. சிப் சரியில்லை என்று முடிவுகட்டி, வாய்க்காலின் வடிவத்தை மாற்றி மாற்றி இரண்டு மாதம் வீணாக்கினேன். ஒரு நாள் ஓட்டம் முடிந்தபின், காலியான சிரிஞ்சைக் கழுவிய நீரை எதேச்சையாக மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். காணாமல்போன செல்கள் எல்லாம் அங்கே இருந்தன.

காரணம் எளிது. நீரைவிடச் சற்றே கனமான 10 மைக்ரான் செல், அசையாத திரவத்தில் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 மைக்ரான் வேகத்தில் கீழே இறங்கும். கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் 10 மில்லியை நிமிடத்துக்கு 100 மைக்ரோ லிட்டர் வேகத்தில் செலுத்தினால் 100 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் செல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். பம்பில் படுக்கவைத்த 10 மில்லி சிரிஞ்சின் உள்விட்டமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது பாதி ஓட்டத்துக்குள்ளேயே பெரும்பாலான செல்கள் சிரிஞ்சின் தரையில் படுத்துவிட்டன. நான் சிப்புக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது பெரும்பாலும் தெளிந்த நீர்.

இதற்குச் செய்ய வேண்டியவை: சிரிஞ்சை வாய் கீழே பார்க்கும்படி நிமிர்த்தி வையுங்கள், அப்போது இறங்கும் செல்கள் வாசலை நோக்கியே இறங்கும். முடிந்தால் சிரிஞ்சுக்குள் சின்னக் காந்தக் கலக்கியைப் போடுங்கள். ஆப்டிபிரெப் என்ற கனமான கரைசலைச் சேர்த்துத் திரவத்தின் அடர்த்தியைச் செல்லின் அடர்த்திக்குச் சமமாக்குவதும் நல்ல வழி, ஆனால் பாகுத்தன்மை கொஞ்சம் ஏறும், ஓட்ட வேகத்தை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட நல்லது, வேகமாக ஓடும் சிப்பைத் தேர்ந்தெடுப்பது. நிமிடத்துக்கு 2 மில்லி என்றால் 5 நிமிடத்தில் முடிந்துவிடும், செல் படிய நேரமே இருக்காது.

அப்புறம் குழாய். அதை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள். ஓட்டம் முடிந்ததும் அரை மில்லி பஃபரை (செல்லைக் கெடுக்காத உப்புக் கரைசலை) பின்னாலேயே தள்ளி, வழியில் நிற்கும் செல்களையும் கொண்டுவாருங்கள். இதனால் செறிவு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. சாம்பிளை விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சிப், குழாய், பிடிக்கும் டியூப் எல்லாவற்றையும் 1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் புரதம்) கரைசலால் நனைத்து வைத்தால், செல் சுவரில் ஒட்டுவது வெகுவாகக் குறையும். முதல் தடவை நிரப்பும்போது 70 சதவீத எத்தனாலை ஓட்டிவிட்டுப் பஃபருக்கு மாறுங்கள். எத்தனால் மூலைமுடுக்கெல்லாம் நனைத்துக் காற்றுக் குமிழியை வெளியேற்றிவிடும். ஒரு குமிழி மாட்டினால் ஓட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, செல்கள் தவறான வாசலில் போய்விடும்.

அடைப்பைத் தவிர்க்க 40 மைக்ரான் வடிகட்டியில் சாம்பிளை வடிகட்டச் சொல்வார்கள். சிறுநீரில் அப்படிச் செய்யாதீர்கள். சிறுநீர்ப்பையின் மேல்படலச் செல்கள் சில 50 மைக்ரானுக்கு மேலும் இருக்கும், கொத்தாகவும் உதிரும். நோயறிய விரும்புபவருக்கு அந்தக் கொத்துகள்தான் முக்கியம், அவற்றையே வடிகட்டியில் விட்டுவிட்டால் என்ன பயன்? 100 மைக்ரான் வடிகட்டியும் அதற்கேற்ற அகலமான வாய்க்காலும் பயன்படுத்துங்கள். சிறுநீரைக் குளிர்பெட்டியில் வைத்தால் உப்புப் படிகங்கள் உருவாகும். அவை வாய்க்காலில் நுழைந்தால் செல்போலவே வரிசையில் வந்து எண்ணிக்கையைக் கெடுக்கும். உடைந்த செல்களிலிருந்து வரும் டிஎன்ஏ பசைபோல இழை இழையாக ஒட்டும், அதற்கு டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி சிறிது உதவும்.

மற்ற வகைச் சிப்கள் பற்றியும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒலி அலையால் திரட்டும் முறையை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லௌரெல் குழு வளர்த்தது. 2 மெகா ஹெர்ட்ஸ் ஒலிக்கு நீரில் அலைநீளம் சுமார் 750 மைக்ரான். அதில் பாதியான 375 மைக்ரான் அகலத்தில் வாய்க்கால் அமைத்தால் நடுவில் அழுத்தம் ஏறி இறங்காத ஒரு கோடு உருவாகும். செல்கள் அந்தக் கோட்டுக்கு வந்து சேரும். இதற்கு ஓட்ட வேகம் அதிகம் தேவையில்லை, செல்லுக்கும் இதமானது. 2012இல் பல கட்ட அமைப்பில் 200 மடங்கு செறிவை அந்தக் குழு வெளியிட்டது. ஆனால் சிப் கண்ணாடியிலோ சிலிக்கானிலோ இருக்க வேண்டும், நம் ஆய்வகங்களில் வழக்கமாக வார்க்கும் பிடிஎம்எஸ் ரப்பர் ஒலியை விழுங்கிவிடும். வெப்பநிலை மாறினாலும் அதிர்வு விலகும். உபகரணம் வாங்கிப் பராமரிக்க ஆள் இருந்தால் எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான்.

சுழலில் பிடிக்கும் வகையும் உண்டு. வாய்க்காலின் இரு பக்கமும் சிறு அறைகள் வெட்டியிருக்கும். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்துச் சுழலில் தேங்காய் நெற்று மாட்டிக்கொண்டு சுற்றுமே, அப்படிப் பெரிய செல்கள் அந்த அறைகளில் சுற்றிக்கொண்டே நிற்கும். ஓட்டத்தை நிறுத்தினால் வெளியே வந்துவிடும். 2011இல் டி கார்லோ குழு இதைச் சிப்பில் அமைந்த சென்ட்ரிஃபியூஜ் என்றே அழைத்தது. அங்கேயே கழுவலாம், சாயமும் ஏற்றலாம். பெரிய செல்களுக்கு நல்லது, ஆனால் அறைகள் நிரம்பிவிட்டால் அடுத்து வரும் செல் தப்பிவிடும். தூண்களைச் சாய்வாக நட்டுச் செல்லைத் திருப்பிவிடும் முறை 2004இல் பிரின்ஸ்டனில் வந்தது. அளவைத் துல்லியமாகப் பிரிக்கும்: தூண் இடைவெளி 20 மைக்ரான், ஒவ்வொரு வரிசையும் பத்தில் ஒரு பங்கு தள்ளி என்றால், சுமார் 9.3 மைக்ரானுக்கு மேற்பட்டவை திரும்பும். அழகான கணக்கு. ஆனால் தூண்களுக்கு இடையே சளி மாட்டிக்கொள்ளும், சிறுநீருக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி பூசிய 78,000 நுண்தூண்கள் கொண்ட சிப் 2007இல் வந்து புற்றுச் செல்களைப் பிடித்தது. அதில் பிடித்த செல்லை உயிரோடு விடுவிப்பது கஷ்டம், அந்த ஆன்டிபாடிக்குரிய புரதம் இல்லாத செல் தப்பிவிடும்.

நீங்கள் தேடுவது பாக்டீரியா என்றால் மேலே சொன்ன நிலைம விசைச் சிப்பை மறந்துவிடுங்கள். தள்ளும் விசை செல் அளவின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 10 மைக்ரான் செல்லுக்குக் கிடைக்கும் விசையில் 1 மைக்ரான் பாக்டீரியாவுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒலியில் மூன்றாம் அடுக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு. 0.45 மைக்ரான் சவ்வு வடிகட்டியோ ஆன்டிபாடி பூசிய காந்த மணிகளோதான் அங்கே கைகொடுக்கும்.

ரத்தத்தை அப்படியே நேராகச் சிப்பில் ஊற்றாதீர்கள். மைக்ரோ லிட்டருக்கு 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும் இடத்தில் எந்தச் செல்லும் தன் வரிசைக்குப் போக முடியாது, ஒன்றையொன்று இடித்துக்கொண்டே போகும். நீர்க்க வைக்க வேண்டும் அல்லது சிவப்பணுக்களை உடைக்க வேண்டும். சிறுநீரில் இந்தத் தொல்லை இல்லை என்பது உங்களுக்குச் சாதகம்.

சரி, இப்போது உங்கள் நிலைமைக்கு வருகிறேன். 10 மில்லியில் மொத்தம் பத்தாயிரம் செல்லாவது இருந்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால், சிப் வாங்காதீர்கள். சுற்றும்போது டியூப் கிடையாக நிமிரும் தொங்கும் வாளி ரோட்டருக்கு மாறுங்கள், அடி கூம்பிய டியூபை பிஎஸ்ஏவால் நனையுங்கள், பிரேக்கை மெதுவாக வையுங்கள், அடியில் 200 மைக்ரோ லிட்டரைத் தொடாமல் விடுங்கள். பாதி இழப்பு இதிலேயே நிற்கும். மொத்தமே சில நூறு செல்தான் என்றாலோ, செல்கள் உயிரோடு பிரிந்து வேண்டும் என்றாலோ, 50 மில்லி, 100 மில்லி என்று சாம்பிள் பெரிதாகும் என்றாலோ சுருள் வகைச் சிப்புக்குப் போங்கள். அளவு பெரிதாகப் பெரிதாகத்தான் சிப் தன் மதிப்பைக் காட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் வீணாகும் அந்தச் சில துளிகள் அப்போது பொருட்டே இல்லை. செல் வளர்க்கும் தொட்டிகளில் சவ்வுக்குப் பதிலாகச் சுருள் சிப்பை வைத்து, பழைய ஊடகத்தை வடித்துச் செல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள். நாள்கணக்கில் ஓடினாலும் அடைக்கச் சவ்வே இல்லை. பிடிஎம்எஸ் சிப் அதிக வேகத்தில் உப்பி வாய்க்கால் அளவு மாறும், ஆகவே கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்ததைக் கேளுங்கள்.

எதை வாங்கினாலும் விற்பவர் சொல்லும் 'மடங்கு' எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 100 மடங்கு செறிவு என்று சொல்லும் கருவி பாதிச் செல்லை வீணாக்கிவிட்டு, அளவை 200 மடங்கு குறைத்திருக்கலாம். போட்ட செல்லில் எத்தனை சதவீதம் திரும்பியது என்று கேளுங்கள், எத்தனை செல் போட்டுச் சோதித்தீர்கள் என்றும் கேளுங்கள். பத்து லட்சம் செல்லில் 95 சதவீதம் திரும்பிய கருவி, 200 செல்லில் அப்படித் திரும்பித் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுவரில் ஒட்டும் சில நூறு செல் முதல் கணக்கில் தெரியவே தெரியாது, இரண்டாவது கணக்கில் அதுவே எல்லாம்.

வந்ததும் முதலில் ஒளிரும் 10 மைக்ரான் பாலிஸ்டைரின் மணிகளை எண்ணி 10 மில்லி பஃபரில் போட்டு ஓட்டுங்கள். அடர்த்தி செல்லை ஒத்திருக்கும், ஒட்டாது, உடையாது. திரட்டிய வாசல், கழிவு வாசல், சிரிஞ்சும் குழாயும் கழுவிய நீர் என மூன்றையும் எண்ணிக் கூட்டினால் போட்ட எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தேடுங்கள். கணக்கு நேரானபின் வளர்த்த செல்லைச் சாயமேற்றி அதே மாதிரி ஓட்டுங்கள். செல் மணியைவிட மென்மையானது என்பதால் வரிசையின் இடம் கொஞ்சம் நகரும், ஓட்ட வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதே செல்லுக்கு டிரைபான் ப்ளூ போட்டு எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதையும் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான சாம்பிள், அதுவும் அன்று காலை வந்த, குளிர்பெட்டிக்குள் போகாத சிறுநீர்.